செத்த மரங்களின் கணக்கு

வின்னிபெக்கில் மரம் நடும் வேலைக்குப் போன முதல் வருடம், ஒரு பெரியவர் வீட்டு முன்வாசலில் லிண்டன் மரம் ஒன்றை நட்டேன். இரண்டாவது கோடையில் அது செத்தது. செத்ததற்கு நான் எழுதிக் கொடுத்த காரணம் பொய். அந்தப் பொய்தான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்து வந்தது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படிக்க வந்த ஊரில் செலவுக்காகச் சேர்ந்த வேலை அது. மே மாதம் மண் இளகியதும் தொடங்கி, அக்டோபரில் மறுபடி இறுகும் வரை வீடுகள், கடைகள், அலுவலகங்கள் என்று மரம் நட்டுக்கொண்டே போவோம். லாரியில் மேஸ்திரி, இன்னொரு பையன், நான். மேஸ்திரி உக்ரேனிய வம்சாவளிக்காரர். முப்பது வருடமாக இதே தொழில். நானோ திண்டுக்கல் பக்கம் தென்னை வைத்த குடும்பத்துப் பையன். மரம் நடுவதற்கு எனக்கு ஒருத்தர் சொல்லித் தரணுமா என்ற நினைப்பு அப்போது நிறையவே இருந்தது.

பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ்ப் பையன் என்று தெரிந்ததும் தேநீரோடு வெளியே வந்துவிட்டார். மேஸ்திரி அடுத்த தெருவில் இன்னொரு வேலையைப் பார்க்கப் போயிருந்தார். நான் வெட்டி வைத்திருந்த குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் பெரியவர் சொன்னார்: "தம்பி, இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்கோ. எங்கட ஊரில தென்னம்பிள்ளை வைக்கேக்க இடுப்பளவு கிடங்கு வெட்டுவம். இது மேலால நிக்குது, காத்துக்கு விழுந்திடும்."

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். இன்னும் ஒரு அடி வெட்டி, சாக்கு சுற்றிய தாய்மண்ணை உள்ளே இறக்கி, மண்ணைத் தள்ளி மிதித்து, தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். பெரியவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

தென்னைக்கு ஆழம் சரி. அதன் அடித்தண்டிலிருந்து புதுப்புது வேர்கள் புறப்பட்டுக்கொண்டே இருக்கும். லிண்டன் அந்த ஜாதி இல்லை. தண்டு அகன்று வேராகப் பிரிகிற இடம் ஒன்று அதற்கு இருக்கிறது; அது தரைமட்டத்தில் வெளியே தெரிய வேண்டும். அதை மண்ணில் புதைத்தால் பட்டை ஈரத்தில் அழுகும், வேருக்குக் காற்று போகாது. வின்னிபெக் மண்ணில் இது இரட்டைத் தப்பு. பனியுகத்தின் முடிவில் அகாஸி என்ற மாபெரும் ஏரி கிடந்த இடம் இது. ஏரியின் அடியில் படிந்த களிமண்தான் இன்றைக்கு நகரத்தின் தரை. அதில் ஆழமாகக் குழி வெட்டினால் அது குழி அல்ல, தொட்டி. ஊற்றிய தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கும்.

நான் நட்ட மரம் தொட்டிக்குள் நின்றது.

*

இரண்டாவது கோடையில் அதைப் பிடுங்கப் போனபோது பெரியவர் ஒரு பள்ளிக்கூட நோட்டோடு வந்தார். "தண்ணி விட்டனான் தம்பி. எழுதி வச்சிருக்கிறன், பாருங்கோ." தேதி, எத்தனை வாளி, அன்றைக்கு மழையா வெயிலா என்று எல்லாம் வரிசையாக இருந்தது. இலை விட்ட நாளும், இலை கொட்டிய நாளும் கூட.

கயிறு கட்டி இழுத்ததும் மரம் சுலபமாக வந்துவிட்டது. அடித்தண்டு ஓர் அடி நீளத்துக்குக் கறுத்து, குட்டை நாற்றம் அடித்தது. மேலே ஏற முயன்ற மெல்லிய வேர்கள் சில தண்டையே சுற்றிக்கொண்டிருந்தன. பார்த்த உடனே புரிந்துவிட்டது. என் கைவேலைதான்.

நிறுவனம் இரண்டு வருட உத்தரவாதம் கொடுத்திருந்தது. ஆனால் தண்ணீர் விடாமல் செத்த மரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. அலுவலகத்தில் படிவத்தை நீட்டி, "காரணம்: தண்ணீர் என்று போடு, எல்லோரும் அதுதான் போடுவார்கள்" என்றார்கள். போட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம். பெரியவர் சண்டை பிடிக்கவில்லை. "பிழை எங்கட கையிலயா இருக்கும்" என்று சொல்லி நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போனார். அது திட்டு வாங்கியதை விட மோசமாக இருந்தது.

அந்தக் குளிர்காலம் வேலை இல்லை. பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து, இந்த ஊரில் மரம் எப்படி வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். குற்ற உணர்ச்சியில் தொடங்கிய படிப்பு, பிறகு தானாக இழுத்துக்கொண்டு போனது.

*

கனடாவின் மேற்குச் சமவெளி பெரும்பாலும் புல்வெளி. ஆற்றங்கரைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் மட்டும் மரம் இருந்தது. வறட்சியும் நெருப்பும் எருமைக் கூட்டங்களும் மற்ற இடங்களில் மரத்தைத் தலையெடுக்க விடவில்லை. கிரீ, அனிஷினாபே, மேட்டி மக்கள் அந்த நிலத்தை அப்படியே அறிந்து வாழ்ந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரயிலேறி வந்த குடியேறிகளுக்குத்தான் அது வெறும் வெளியாகத் தெரிந்தது. காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. ஜனவரி இரவுகளில் இங்கே சராசரியாகவே மைனஸ் இருபதுக்குக் கீழே போகும். சில இரவுகள் மைனஸ் நாற்பதைத் தொடும். அந்தக் குளிரில் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை, பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

குடியேறிகள் தாங்கள் அறிந்த மரங்களைக் கொண்டுவந்தார்கள். கிழக்குக் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த கன்றுகள் ஒரே குளிர்காலத்தில் தரைமட்டம் வரை செத்தன. 1886 இல் கனடா அரசு சோதனைப் பண்ணைகளுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. வில்லியம் சாண்டர்ஸ் அவற்றின் முதல் இயக்குநர். சமவெளியில் பிராண்டன், இந்தியன் ஹெட் என்ற இரண்டு இடங்களில் பண்ணைகள் அமைந்தன. ஒன்றுக்கு எஸ்.ஏ. பெட்ஃபோர்டு பொறுப்பு, மற்றதற்கு ஆங்கஸ் மக்காய். கோதுமைதான் அவர்களுடைய முக்கிய வேலை. ஆனால் மரங்களையும் நட்டுப் பார்த்தார்கள்.

அவர்களுடைய ஆண்டறிக்கைகள் சுவாரசியமான வாசிப்பு என்று சொல்ல முடியாது. எது நட்டோம், குளிர் முடிந்தபோது எது நின்றது, எது நுனி கருகியது, எது வேரோடு போனது என்று பட்டியல் பட்டியலாகப் போகும். எனக்கோ அவை பெரியவரின் நோட்டைத்தான் நினைவுபடுத்தின. அரசாங்க ஊழியர்கள் தங்கள் தோல்வியைத் தங்கள் கையாலேயே அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். குளிர் நாட்டில் மரம் நடும் தொழிலின் முழு அறிவும் இப்படிச் சேர்ந்ததுதான். செத்த மரங்களின் கணக்கை யாரோ நேர்மையாக எழுதி வைத்ததால் வந்தது.

அந்தக் கணக்கிலிருந்து கிடைத்த முதல் பாடம்: மரத்தின் இனத்தை விட, அதன் விதை எந்த ஊரிலிருந்து வந்தது என்பது முக்கியம். ஒரே இனத்தின் தெற்குப் பகுதி விதையில் வந்த கன்று சாகும். வடக்குப் பகுதி விதையில் வந்தது பிழைக்கும். இதன் காரணம் பிற்பாடுதான் தெளிவானது. மரத்துக்குக் குளிர்காலம் வரப்போவதைச் சொல்வது குளிர் அல்ல, பகலின் நீளம். கோடையின் பிற்பகுதியில் பகல் குறைந்து வரும்போது வடக்கத்தி மரம் வளர்ச்சியை நிறுத்துகிறது. செல்களிலிருந்து நீரை வெளியே தள்ளுகிறது, உள்ளே சர்க்கரையைச் சேர்க்கிறது. பிறகு உறைவது செல்லுக்கு வெளியே உள்ள நீர்தான், செல் உடைவதில்லை. தெற்கத்தி மரம் தன் ஊர்க் கணக்குப்படி இன்னும் சின்னப் பகலுக்காகக் காத்திருக்கும். வடக்கில் கோடைப்பகல் நீளமானது. அதனால் அந்தச் சின்னப் பகல் வர நாள் ஆகிறது. அதற்குள் முதல் உறைபனி வந்து பச்சைத் தளிரைக் கொன்றுவிடும். பாவம், அது தன் ஊர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

*

இரண்டாவது பாடத்தைச் செயலாக்கியவர்கள் வனத்துறைக்காரர்கள். 1901 முதல், விவசாயிகளுக்கு இலவசமாக மரக்கன்று கொடுக்கும் திட்டம் தொடங்கியது. இந்தியன் ஹெட்டில் அதற்கென்றே நாற்றுப்பண்ணை எழுந்தது. நார்மன் ராஸ் என்பவர் பல பத்தாண்டுகள் அதை நடத்தினார்.

கன்று இலவசம்தான். ஆனால் கேட்டவுடன் கிடைக்காது. விண்ணப்பித்தவரின் நிலத்தை ஆய்வாளர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். நடுவதற்கு முந்தைய கோடையிலேயே நிலத்தை உழுது, புல் பூண்டு இல்லாமல் தரிசாகப் போட்டு, மழை ஈரத்தைச் சேமித்து வைத்திருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் அடுத்த வசந்தத்தில் கன்று வரும். நட்ட பிறகும் களையெடுப்பதாக உறுதி கொடுக்க வேண்டும். ஆய்வாளர் திரும்பவும் வருவார். சுருக்கமாகச் சொன்னால், அவர்கள் மனிதனுக்கு மரம் கொடுக்கவில்லை, தயாரான மண்ணுக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் அவர்கள் கொடுத்தவை தழைத்தன.

மனிடோபா மேப்பிள், பச்சை ஆஷ், வில்லோ, சைபீரியாவைச் சேர்ந்த கரகானா என்று, தாக்குப்பிடிக்கும் என்று சோதித்துப் பார்த்தவை மட்டும் போயின. 1930களின் வறட்சியில் மேல்மண் புழுதியாகப் பறந்தபோது, 1935 இல் சமவெளிப் பண்ணைகளை மீட்க ஒரு தனித்துறை உருவானது. மைல் கணக்கில் காற்றுத்தடுப்பு வரிசைகள் எழுந்தன. இந்தியன் ஹெட் பண்ணை மொத்தம் அறுபது கோடிக்கும் மேற்பட்ட கன்றுகளை அனுப்பியது. 2013 இல் மத்திய அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. நூறு வருடத்துக்கும் மேல் எழுதிய ஒரு கணக்குப் புத்தகத்தை மூடியது போல எனக்குத் தோன்றியது.

அரசு காட்டிய வழியில் தனியார் நர்சரிகளும் வந்தன. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் அழகுக்காக மரம் கேட்டவர்களுக்கு விற்றது அவர்கள்தான். அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஃபிராங்க் ஸ்கின்னர். 1895 இல் சிறுவனாக ஸ்காட்லாந்திலிருந்து மனிடோபாவின் டிராப்மோருக்கு வந்தவர். நுரையீரல் நோயால் கடின வேலை செய்ய முடியாமல் போனபோது செடிகள் பக்கம் திரும்பினார். கல்லூரிப் படிப்பு இல்லை. சைபீரியா, மஞ்சூரியா என்று தன் ஊரைப் போலவே குளிரும் இடங்களிலிருந்து விதைகளை வரவழைத்து, விதைத்து, கலப்புச் செய்து, குளிரில் விட்டுப் பார்த்தார். செத்தது செத்தது, நின்றது விற்பனைக்கு. அவர் உருவாக்கிய லிண்டன் வகை ஒன்று டிராப்மோர் என்ற ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கிறது. படிக்காத அந்த மனிதருக்கு மனிடோபா பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

*

இந்த அறிவு நகரத்துக்குள் வந்தபோதுதான் சிக்கலும் வந்தது.

வின்னிபெக்கில் 1893 இல் பூங்கா வாரியம் அமைந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் தெருவுக்குத் தெரு எல்ம் மரங்கள் எழுந்தன. ரெட் ஆறு, அசினிபோயின் ஆறு ஆகியவற்றின் கரைகளில் தானாக வளரும் உள்ளூர் மரம், நம்மூர் ஆயா மரத்தின் தூரத்துச் சொந்தம். குளிருக்கு அசையாது. இருபுறமும் கிளைகள் வளைந்து தெருவின் மேலே கைகோக்கும். ஜூலை மாதம் அந்தத் தெருக்களில் நடந்தால் இந்த ஊரை மன்னித்துவிடலாம்.

வொல்ஸ்லி தெருவின் நடுவிலேயே ஒரு முதிய எல்ம் நின்றது. சுற்றிலும் கொஞ்சம் புல். அதனால் உலகின் மிகச் சிறிய பூங்கா என்று பெயர் வாங்கியது. 1957 இல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அதை வெட்ட ஆள் வந்தபோது, அக்கம்பக்கத்துப் பெண்கள் மரத்தைச் சுற்றி நின்றுவிட்டார்கள். மேயர் ஸ்டீஃபன் ஜூபா தலையிட்டு வெட்டுவதை நிறுத்தினார். ஆனாலும் பிற்பாடு விஷமிகள் அதைச் சேதப்படுத்தினார்கள். 1960 இல் அந்த மரம் அகற்றப்பட்டது.

அந்த ஒரு மரத்தை மனிதர்கள் கொன்றார்கள். மற்றவற்றைக் கொல்ல ஒரு பூஞ்சை வந்தது. அதை முதலில் ஆராய்ந்து அடையாளம் கண்டவர்கள் நெதர்லாந்து நாட்டு விஞ்ஞானிகள். கண்டுபிடித்த பாவத்துக்கு 'டச்சு எல்ம் நோய்' என்று அவர்கள் நாட்டுப் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது. பட்டைக்குள் துளைக்கும் சிறு வண்டுகள் அதைச் சுமக்கின்றன. 1975 இல் அது வின்னிபெக்குக்கு வந்தது. இன்றும் மனிடோபாவில் ஏப்ரல் முதல் ஜூலை முடியும் வரை எல்ம் மரத்தைக் கவாத்து செய்வதற்குச் சட்டப்படி தடை. வெட்டுக்காயத்தின் வாசனைக்கு வண்டு வந்துவிடும்.

எல்ம் போன இடங்களில் என்ன நடுவது? ஆஷ் என்றார்கள். அதிலும் ஆல்பர்ட்டாவின் வெக்ரவில் ஊர்த் தெரு ஒன்றில் நின்ற ஒரு பச்சை ஆஷ் மரத்தை, பிராண்டனின் பழைய நர்சரிக் குடும்பமான பாட்மோர்கள் கண்டெடுத்தார்கள். நேரான தண்டு, பளபளப்பான இலை, ஆண் மரம் என்பதால் விதைக் குப்பையும் இல்லை. வாடிக்கையாளருக்கு இதை விட என்ன வேண்டும்? ஒட்டுக் கட்டிப் பெருக்கினார்கள். சமவெளி நகரங்களின் தெருக்களிலும் கடை வாசல்களிலும் அந்த ஒரே மரத்தின் நகல்கள் நிற்கின்றன. 2002 இல் டெட்ராய்ட், விண்ட்சர் பகுதியில் ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை வண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஆஷ் மரத்தைத் தேடித் தின்னும் வண்டு. 2017 இல் அது வின்னிபெக்கிலும் இருப்பது தெரிந்தது.

ஒரு நகரத்தில் ஒரே இனம் பத்து சதவீதத்துக்கு மேல், ஒரே பேரினம் இருபதுக்கு மேல், ஒரே குடும்பம் முப்பதுக்கு மேல் போகக் கூடாது என்று 1990 இல் ஃபிராங்க் சாண்டமோர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு விதி சொன்னார். மதுரையிலோ கோவையிலோ அந்த விதியைக் கடைப்பிடிக்க மரத்துக்குப் பஞ்சமில்லை. இங்கே குளிர் முதலிலேயே பட்டியலைச் சுருக்கிவிடுகிறது. மிஞ்சிய பத்திருபது மரங்களில், விற்கக்கூடியது எது என்ற கேள்வி இன்னும் சுருக்குகிறது.

நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். வணிக வளாகங்களுக்கு வாகன நிறுத்தத்தின் ஓரமாக நாங்கள் நட்டது பெரும்பாலும் சுவீடனிலிருந்து வந்த தூண் போன்ற ஆஸ்பென். வேகமாக வளரும், இடம் அடைக்காது, பார்க்க வரிசையாக அணிவகுப்பு போல இருக்கும். எல்லாம் ஒரே மரத்தின் நகல்கள். இலைகள் வெண்கல நிறமாகிக் கிளை கிளையாகச் சாகும் ஒரு பூஞ்சை நோய் அதற்கு உண்டு. வரிசையில் ஒன்றுக்கு வந்தால் பக்கத்தில் இருப்பதற்கும் வரக்கூடும். மேஸ்திரியிடம் கேட்டேன். "வேற மரம் சொல்லிப் பார்த்தேன். அவங்களுக்கு அடுத்த மாசம் கடை திறக்கணும். மரத்துக்கு இருபது வருஷம் வேணும். ரெண்டு பேர் கணக்கும் ஒத்துவராது" என்றார்.

அவரிடம்தான் கடைசியில் லிண்டன் விஷயத்தையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. லாரியிலிருந்து ஒரு கன்றை இறக்கி, சாக்கை விலக்கி, தண்டை ஒட்டியிருந்த மண்ணைக் கையால் சுரண்டிக் காட்டினார். நான்கு விரல் ஆழத்தில்தான் வேர் பிரியும் இடம் தெரிந்தது. "பாரு, நர்சரியிலேயே மண் ஏறிப் போயிருக்கு. தாய்மண்ணோட மேல்மட்டத்தை நம்பாதே. சுரண்டிப் பாத்துட்டு அப்புறம் குழி வெட்டு." பிறகு சொன்னார்: "நான் அன்னிக்கு வந்து பாத்திருக்கணும். படிவத்துல அதையும் எழுதியிருக்கணும்."

*

அடுத்த மே மாதம், வேலை தொடங்கும் முன், பெரியவர் வீட்டுக்குப் போனேன். சொன்னேன். ஆழம், படிவம், எல்லாவற்றையும்.

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. "அப்ப நான் சொல்லித்தானே ஆழமா வெட்டினனீங்கள்?" என்றார்.

"நீங்க சொன்னீங்க ஐயா. ஆனா தெரிஞ்சிருக்க வேண்டியவன் நான்."

"தண்ணி விடேல்லை எண்டு எழுதிப்போட்டியள்." அவருடைய குரலில் இருந்தது கோபம்தான். அது அவருக்கு உரிமையான கோபம். நான் நின்று கேட்டுக்கொண்டேன்.

அலுவலகத்தில் அந்தப் படிவத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்டேன். முடிந்த கணக்கைத் திறக்க மாட்டோம் என்றார்கள். அந்தச் சம்பளத்தில் முடிந்தது என் செலவில் ஒரு பர் ஓக் கன்று. மனிடோபா மண்ணில் தானாக வளரும் ஓக், உள்ளூர் விதையில் முளைத்தது, இடுப்புயரம் கூட இல்லை. பெரிய மரத்தைத் தோண்டியெடுத்தால் வேர்களில் பெரும்பகுதி பண்ணையிலேயே போய்விடும். சின்னக் கன்று சீக்கிரம் மண்ணைப் பிடிக்கும். அகலமாக, ஆழமில்லாமல் குழி வெட்டினேன். பெரியவரைக் கூப்பிட்டு, வேர் பிரியும் இடம் வெளியே தெரிவதைக் காட்டினேன். குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். மரத்தூள் மூடாக்குப் போட்டேன், தண்டைத் தொடாமல். குளிர்காலத்தில் முயல் பட்டையைக் கடிக்காமலிருக்கக் கம்பி வலை சுற்றினேன். பனி குவிந்தால் முயல் அதன் மேல் ஏறி நின்று கடிக்கும் என்பதால், வலையை உயரமாகவே வைத்தேன்.

"காத்துக்கு விழாதோ?"

"விழாது ஐயா. வேர் பக்கவாட்டில போய்ப் பிடிச்சுக்கும்."

உள்ளே போய்ப் பழைய நோட்டை எடுத்து வந்தார். புதுப் பக்கத்தில் தேதி போட்டு, ஓக் என்று எழுதி, முதல் நாள் தண்ணீர் இரண்டு வாளி என்று குறித்தார். பிறகு பக்கங்களைப் பின்னால் புரட்டினார். லிண்டன் பக்கத்தின் கடைசி வரியில் 'தண்ணி காணாது' என்று அவரே எழுதி வைத்திருந்தார். அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே நிதானமாக எழுதினார்: ஆழம் கூடிப்போச்சு.